கிருமியும் கஞ்சியும் கவலையும்

தென் திருவிதாங்கூர் என்று முன்னாளில் வழங்கியதும், 1956-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டோடு இணைந்தபின் கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரைப் பெற்றதுமான நிலப்பகுதியில் வைத்தியத் தொழில் செய்ய வாய்த்த எவருக்கும், இரைப்பையைக் கடந்தவுடன் தொடங்கும் முன்சிறுகுடலில் உண்டாகும் புண்ணைப் பற்றி ஏதேனும் ஓர் அபிப்பிராயம் இல்லாமற் போகாது. நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் உத்தியோகம் ஏற்ற 1970-களில், ஓ.பி. வரிசையில் நிற்கும் அந்த வியாதிக்காரனை அவன் வாய் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில், ஒட்டிய கன்னமும் மெலிந்த தேகமுமாக வருவான். எங்கே வலி என்று கேட்டால் வயிறு முழுவதையும் தடவிக் காட்டாமல், நெஞ்சுக்குழிக்குச் சற்றுக் கீழே ஒரே விரலை ஊன்றி, "இந்த இடந்தான் சாரே, காந்துது" என்பான். பசித்தால் வலிக்கும், உண்டால் தணியும், நள்ளிரவுக்குப் பின் உறக்கத்தைக் கலைத்து எழுப்பும், சில வாரங்கள் ஓய்ந்திருந்துவிட்டு மறுபடியும் தலைகாட்டும் என்ற அவனுடைய விருத்தாந்தம், குன்மத்தை எட்டு வகையாகப் பிரித்து மருந்து கண்ட சித்த வைத்தியர்களுக்கும் பழக்கமானதாகவே இருந்திருக்க வேண்டும்.

இப்பகுதியில் இவ்வியாதி மிகுந்திருப்பதை மேல்நாட்டு வைத்திய உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களுள் முக்கியமானவர் ஹோவர்டு சோமர்வெல். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்டுச் சிகரத்தை நோக்கிச் சென்ற ஆங்கிலக் குழுக்களில் இடம்பெற்றவர் அவர். முதற் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியபோது, நெய்யூர் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் குவிந்து கிடப்பதையும் ரண சிகிச்சை செய்யப் போதிய கைகள் இல்லாததையும் கண்டு, தாய்நாட்டில் தமக்குக் காத்திருந்த நல்ல பதவியை உதறிவிட்டு அவ்வூருக்கே பணிபுரிய வந்துவிட்டார். இரண்டாம் பயணத்தில் சிகரத்துக்குக் கீழே, தொண்டைக்குள் பெயர்ந்து மூச்சை அடைத்த சவ்வைத் தம் மார்பைத் தாமே இரு கைகளாலும் அழுத்திக் காறித் துப்பி உயிர் பிழைத்த அம்மனிதர், அதே திடசித்தத்துடன் நெய்யூரில் நாள்தோறும் இரைப்பைகளைத் திறந்து தைத்துக்கொண்டிருந்தார். 1936-இல் ஆர் என்னும் சகாவோடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, முன்சிறுகுடற் புண்ணைப் பற்றி எழுதப் புகுந்த பிற்காலத்தவர் பலர் எடுத்தாண்ட ஆதாரமாயிற்று. மரவள்ளிக் கிழங்கையே பிரதானமாக உண்டு வாழ்ந்த ஏழைகளின் ஆகாரத்தின் மீதே அவருடைய சந்தேகம் விழுந்தது.

நான் வைத்தியக் கல்லூரியில் படித்த காலத்தில் இவ்வியாதிக்குப் போதிக்கப்பட்ட காரணங்கள் இரண்டு: ஒன்று அமிலம், மற்றொன்று மனம். அமிலம் இல்லையேல் புண் இல்லை என்று 1910-இலேயே ஷ்வார்ஸ் என்பவர் வகுத்த சூத்திரம் எங்களுக்கு வேதவாக்கு. அந்த அமிலத்தை மட்டுப்படுத்தும் பொருட்டு, 1915-இல் சிக்காகோ நகரத்து பெர்ட்ராம் சிப்பி ஏற்படுத்திய முறையைத் தழுவி, மணிக்கொருதரம் பாலும் பாலேடும் புகட்டுவதே உத்தமமான பத்தியம் என்று கருதப்பட்டது. பாலேட்டுக்கு வழியில்லாத நம் வார்டுகளில் அது ரொட்டியும் பாலுமாகச் சுருங்கி, நோயாளியின் சீட்டில் 'பால் டயட்' என்ற இரண்டே சொற்களாக நின்றது. மிளகாயும் புளியும் வாழ்நாள் முழுவதற்கும் விலக்கப்பட்டன. பத்தியத்துக்கும் ஜெலுசிலுக்கும் கட்டுப்படாதவன் ரண சிகிச்சைக்குப் போவான். புண் ஆறி ஆறித் தழும்பேறி இரைப்பையின் கீழ்வாய் சுருங்கிப்போனவர்கள், முந்தின நாள் உண்ட பருக்கையை மறுநாள் மாலையில் வாந்தியெடுப்பவர்களாய், வயிற்றை அசைத்தால் நீர் அலம்பும் ஓசை கேட்கும் நிலையில் வந்து சேர்வார்கள். அவர்களுக்கு இரவெல்லாம் ரைல்ஸ் டியூப் வழியாக வயிற்றைக் கழுவிவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைக்கும், ஜி.ஜே. என்று நாங்கள் சுருக்கமாக அழைத்த ஆபரேஷனுக்கு அனுப்புவது எங்களுடைய நித்தியப் பணிகளுள் ஒன்று.

மனத்தைக் குற்றம் சாட்டிய சித்தாந்தம் எனக்கு அப்போதே முழுத் திருப்தி அளிக்கவில்லை. பொறுப்பும் போட்டியும் மிகுந்த பெரிய உத்தியோகஸ்தர்களின் வியாதி இது என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் வருணித்தன. என் வார்டில் படுத்திருந்தவர்களோ பனையேறிகளும், மரமேறாத நாளில் மண் சுமப்பவர்களும், வள்ளத்துக்குப் போகிறவர்களுமே. கவலை அவர்களுக்கும் உண்டென்பது மெய். ஆனால் அவர்களுடைய அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் அதே அளவு கவலை இருந்ததும், அவர்களுக்குப் புண் இல்லாமலிருந்ததும் மெய்யே.

இந்நிலையில்தான் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து அந்த விநோதமான செய்தி வந்தது. அங்குள்ள ராயல் பெர்த் ஆஸ்பத்திரியின் நோய்க்கூற்று நிபுணர் ராபின் வாரன், அழற்சி கண்ட இரைப்பைச் சவ்வுகளில் வளைந்த உருவமுடைய நுண்கிருமிகள் ஒட்டிக்கொண்டிருப்பதை 1979-இல் கவனித்தார். அவரோடு பின்னர் சேர்ந்துகொண்ட இளம் வைத்தியர் பாரி மார்ஷல் அவற்றை வளர்க்க முயன்று பலமுறை பயன் காணாதிருக்க, 1982-இல் ஈஸ்டர் விடுமுறையின் நிமித்தம் கவனிப்பாரற்று வழக்கத்தைவிட அதிக நாள் கதகதப்பில் கிடந்த தட்டுகளில் கிருமி தானாகவே முளைத்திருந்தது. இரண்டு நாளில் தட்டுகளை எறிந்துவிடும் வழக்கந்தான் அதுவரை தடையாக இருந்ததென்று பிறகே புலனாயிற்று. அமிலக் குளத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்ற நம்பிக்கை ஆழமாய் வேரூன்றியிருந்தபடியால் எவரும் அவர்களை எளிதில் ஏற்கவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமி நிறைந்த திரவத்தைத் தாமே குடித்து, சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டு, தம் இரைப்பை அழன்றிருப்பதைக் குழாய் விட்டுப் பார்த்து நிரூபித்தார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. இக்கதையைச் சுவைபடச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஓர் அம்சம் உண்டு: மார்ஷலுக்கு உண்டானது அழற்சிதானே தவிரப் புண் அல்ல. கிருமி புகுந்த வயிறு புண்ணாவதற்கு இடையில் வேறு சில சமாசாரங்கள் வேண்டியிருக்கின்றன. என்னுடைய தொழிலின் பிற்பாதி முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றிய சிந்தனையிலேயே கழிந்தது என்று சொல்லலாம்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்று நாமகரணம் பெற்ற அக்கிருமி, யூரியாவைப் பிளந்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சூழ்ந்த அமிலத்தை அடக்கிக்கொண்டு சளிப்படலத்துக்குள் புகுந்து வாழ்கிறது. இந்தக் குணத்தையே பரீட்சையாகவும் மாற்றிக்கொண்டோம். எண்டோஸ்கோப் வழியாகக் கிள்ளியெடுத்த அணுவளவு சவ்வை யூரியா கலந்த மஞ்சள் திரவத்தில் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கவனித்துக்கொண்டிருப்பேன். கால் மணியோ ஒரு மணியோ கழித்து, "சார், பிங்க் ஆயாச்சு" என்று சிஸ்டர் குரல் கொடுப்பார். புண் உள்ளவர்களின் சீசா சிவந்ததில் வியப்பில்லை. புண் இல்லாதவர்களின் சீசாவும், வேறு காரியமாகக் குழாய் விட்டுப் பார்க்கப்பட்டவர்களின் சீசாவும் அடிக்கடி சிவந்ததுதான் யோசிக்க வைத்தது. நம் தேசத்தில் வயது வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் வயிற்றில் இக்கிருமி குடியிருக்கிறது. பெரும்பாலும் பால்யத்திலேயே, நெருக்கடியான வீட்டில், ஒரே பாத்திரத்திலும் ஒரே கையிலும் உண்ணும் குடும்பத்துக்குள்ளிருந்தே தொற்றிக்கொள்கிறது. அப்படித் தொற்றியவர்களுள் வாழ்நாளில் புண் காண்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர் மட்டுமே.

இன்னும் விசேஷம், கோதுமை உண்ணும் வடநாட்டிலும் அரிசி உண்ணும் தென்னாட்டிலும் கிருமி ஏறத்தாழச் சமமாகப் பரவியிருக்க, முன்சிறுகுடற் புண் மட்டும் தெற்கே மிகுந்து காணப்பட்டதுதான். கிருமியை அறியாத காலத்திலேயே இந்த வேற்றுமையைக் கண்டவர்கள் உண்டு. குன்னூர் ஆராய்ச்சிச்சாலையில் ராபர்ட் மக்காரிசன் எலிக்கூட்டங்களுக்கு வெவ்வேறு ஜனங்களின் ஆகாரத்தைக் கொடுத்துப் பார்த்தார்: திருவிதாங்கூர் ஏழையின் மரவள்ளி உணவைத் தின்றவற்றுள் கால் பங்குக்கும் மேலானவற்றில் புண் கண்டது, சென்னை ராஜதானியின் அரிசி உணவில் ஏறக்குறைய பத்தில் ஒன்று, கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் பச்சைக் காயும் கொண்ட சீக்கியர் உணவிலோ ஒன்றுகூட இல்லை. ரயில்வே வைத்தியரான மல்ஹோத்ரா, ஒரே இலாகாவில் வேலை பார்த்தும் வெவ்வேறு பிராந்தியங்களில் உண்டு வாழ்ந்த ஊழியர்களை ஒப்பிட்டு, வடக்கத்தியார் ரொட்டியை மென்று தின்பதால் உமிழ்நீர் நிறையச் சேர்கிறது, தெற்கத்தியாரின் குழைந்த சோறு மெல்லப்படாமலே இறங்கிவிடுகிறது என்று 1960-களில் வாதித்தார். மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில் பல ஆண்டு ரண சிகிச்சை செய்த ஃபிராங்க் டோவி ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். அவரும் ஜெயராஜ் முதலியோரும் 1980-இல் எலிகளைக் கொண்டு செய்த சோதனைகளில், தவிட்டிலும் கொள்ளிலும் இரைப்பையைக் காக்கும் ஏதோ ஒரு சத்து இருப்பதாகக் கண்டார்கள். பட்டை தீட்டிய அரிசியில் அந்தக் காவல் போய்விடுகிறது.

கொள்ளைப் பற்றிய அந்த முடிவைப் படித்தபோது எனக்குண்டான சந்தோஷத்தை மறைப்பானேன்? குதிரைக்கு வைப்பது என்று பட்டணத்தார் இகழும் அந்தத் தானியம், புஞ்சைக் காட்டு ஏழையின் ரசத்திலும் துவையலிலும் வந்து சேர்வது. ஆயினும் எலியின் வயிற்றில் கண்டதை மனிதனுக்கு அப்படியே விதித்துவிட முடியாது. ஆகையால் கொள்ளு உண்ணுங்கள் என்று நான் எவருக்கும் மருந்தாக எழுதியதில்லை, உண்பவரைத் தடுத்ததுமில்லை.

என் நோயாளிகளிடம் நான் நேரில் கண்டது என்ன உண்டார்கள் என்பதைவிட எப்போது உண்டார்கள் என்பதே. பனையேறி விடியுமுன் வெறும் வயிற்றோடு முதல் மரத்தில் கால் வைப்பான். இடையில் பதநீரும் கட்டன் சாயாவும் பீடியும். அடுப்பில் வேகும் கிழங்கும் மீனும் அவன் இலைக்கு வர உச்சி சாய்ந்துவிடும், சில நாளில் அந்தியாகிவிடும். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கிருமி தங்கியவருக்கு, அமிலத்தை ஏவும் காஸ்டிரின் என்ற சுரப்பு மிகுந்தும் அதைத் தடுக்கும் சுரப்பு குறைந்தும் போவதால், வேண்டாத வேளையிலும் அமிலம் ஊறுகிறது. அன்னம் இல்லாத வயிற்றில் அந்த அமிலம் நேரே முன்சிறுகுடலின் முகப்பில் வழிகிறது. புகையிலை அவ்விடத்தின் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, ஆறுகிற புண்ணையும் ஆறவிடாமல் செய்கிறது. கிழங்கின் மீது விழுந்த பழியில் ஒரு பகுதி இந்த நீண்ட பட்டினி நேரங்களுக்கும் பீடிக்கும் உரியது என்பது என் துணிபு.

மிளகாய்க்கோ பழி முழுவதுமே அநியாயம். 1988-இல் அமெரிக்காவில் டேவிட் கிரஹாம் முதலியோர், காரமான உணவைத் தின்றவர்களின் இரைப்பையைக் குழாய்க் கண்ணால் பார்த்து, கண்ணுக்குத் தெரியும் சேதம் எதுவும் இல்லையென்று எழுதினார்கள். சிங்கப்பூர்ச் சீனர்களிடையே நடந்த ஆராய்ச்சியிலோ மிளகாய் உண்பவர்களிடம் புண் குறைவாகவே காணப்பட்டது. இருக்கும் புண்ணின் மேல் காரம் பட்டால் எரியும் என்பது வேறு விஷயம்; எரிவது ஒன்று, புண்ணை உண்டாக்குவது மற்றொன்று. மாறாக, நாம் அமிர்தம்போல் ஊட்டிய பாலின் சங்கதியைக் கேளுங்கள்: பால் வாயில் பட்டதும் எரிவு தணிந்தாலும், அதிலுள்ள புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சற்று நேரத்தில் அமிலத்தை மேலும் சுரக்கச் செய்கின்றன. 1986-இல் டில்லி வைத்தியர்கள் ஒரே மருந்தை உண்ட நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பாலையே ஆகாரமாகவும் மற்றவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டையும் கொடுத்துப் பார்த்ததில், பால் குடித்தவர்களின் புண்ணே தாமதமாக ஆறிற்று. கடலோரத்துக்காரன் ஒருவன் தன் ஆயுளில் பாதியைச் சப்பென்ற சோற்றிலும் பாலிலும் கழித்துவிட்டு என்னிடம் வந்து, இனி மீன்குழம்பு உண்ணலாம் என்று நான் சொன்னதை நம்பாமல், வெளியே போய் மற்றொரு வைத்தியரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தான். உப்பைப் பற்றி மட்டும் எனக்கு வேறு அபிப்பிராயம். ஜப்பானிலும் கொரியாவிலும் உப்பிட்ட மீனும் ஊறலும் மிகுதியாக உண்பவர்களிடம், இதே கிருமியின் துணையோடு இரைப்பைப் புற்று அதிகமாக வருவது நன்கு தெரிந்த விஷயம். ஆதலால் தினமும் கருவாடே துணையாகக் கஞ்சி குடிப்பவரிடம் நான் கண்டிப்பாகப் பேசுவதுண்டு.

இனி மனம். கிருமி அகப்பட்ட உற்சாகத்தில் வைத்திய உலகம் மனத்தை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது, அது நியாயமன்று. 1940-இல் லண்டன் மீது விமானங்கள் குண்டு பொழிந்த மாதங்களில் அந்நகரத்து ஆஸ்பத்திரிகளில் புண் துளைத்துக்கொண்டு வந்தவர்களின் தொகை உயர்ந்ததை அக்காலத்து வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1995-இல் ஜப்பானின் கோபே நகரம் பூகம்பத்தில் இடிந்தபின் ரத்தம் கசியும் இரைப்பைப் புண்கள் மிகுந்தன. அப்புண் கண்டவர்களுள் பெரும்பாலோரிடம் கிருமி ஏற்கெனவே இருந்தது. 2015-இல் வெளிவந்த டென்மார்க்கு ஆராய்ச்சி ஒன்று, மனச்சுமை மிகுந்தவர்களுக்குக் கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் புண் அதிகம் வருவதைக் காட்டிற்று. நியூயார்க்கு நகரத்தில் உல்ஃப், உல்ஃப் என்ற ஒரே ஒலியுடைய பெயர் கொண்ட இரு வைத்தியர்கள், சிறுவயதில் கொதிக்கும் உணவை விழுங்கி உணவுக்குழாய் வெந்துபோனதால் வயிற்றில் வெட்டிய துவாரம் வழியாக உண்டுவந்த ஒரு தொழிலாளியின் இரைப்பையைப் பல மாதம் கவனித்து 1943-இல் நூலாக எழுதினார்கள்: அவன் அஞ்சியபோது சவ்வு வெளுத்தது, அமிலம் குறைந்தது, உள்ளுக்குள் குமைந்தபோது சிவந்து வீங்கியது, அமிலம் பெருகிற்று. என் அநுபவமும் இதற்கு அநுகூலமானதே. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கில் வருஷக்கணக்காக வாயைத் திறக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர்களையே, புண் மீண்டும் மீண்டும் வருபவர்களாக நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

ஆனால் கவலை தனியாக வருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் பொங்கிக் குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் சூறையாடியபின், முகாம்களிலிருந்து கறுத்த மலம் போவதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்களை விசாரித்தபோதெல்லாம், துக்கத்தின் பின்னால் வேறு மூன்றும் நின்றன: ஆகாரம் இறங்காத நாட்கள், அணையாத பீடி, உடம்புவலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் காகிதத்தில் மடித்துக் கொடுத்த செட் மாத்திரை. டைக்ளோஃபெனாக்கும் அதன் உறவுகளும் சளிப்படலத்தின் காவலை அழிப்பவை. கிருமியும் அவையும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் ரத்தம் கசியும் அபாயம் பன்மடங்காகிறது. கவலை நரம்பின் வழியாக அமிலத்தைத் தூண்டுவது ஒரு பாதை. பசியைக் கொன்று, உறக்கத்தைக் கெடுத்து, மாத்திரையைத் தேடவைப்பது மற்றொரு பாதை. இந்த இரண்டாம் பாதையில்தான் வைத்தியன் குறுக்கே நின்று ஏதேனும் செய்ய முடியும். ஆகவே, 'கவலைப்படாதீர்கள்' என்ற பயனற்ற உபதேசத்தைச் செய்வதை நான் நெடுங்காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், இடுப்புவலிக்கு என்ன போடுகிறீர்கள் என்ற இரண்டையும் கேட்கலானேன்.

சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அமிலத்தை அடக்கும் மாத்திரை ஒன்றும் கிருமியைக் கொல்லும் மாத்திரைகள் இரண்டும் சேர்ந்த 'கிட்' பதினான்கு நாட்களுக்கு. நம் பக்கத்துக் கிருமிகளில் பல மெட்ரோனிடசோலுக்கு அடங்குவதில்லை. வயிற்றுப்போக்குக்கெல்லாம் கேட்காமலே அதை விழுங்கிய பழக்கத்தின் பலன் அது. நாலாம் நாள் வாய் கசக்கிறது, வயிறு இளகுகிறது என்று நிறுத்திவிடுகிறவர்களே அதிகம். அவர்களுக்குத் தயிரைக் கூட்டிக்கொள்ளச் சொல்லி, எப்படியாவது முடிக்க வைக்கவேண்டும்.

இந்த வியாசத்தை எழுதும்படி தூண்டியவர்கள் ஒரு தம்பதியர். கணவர் நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு இரவு பஸ் ஓட்டியவர். நடுநிசிப் புரோட்டாவும் சிகரெட்டும் இடுப்புவலி மாத்திரையுமாகப் பல ஆண்டு கழித்து, ரத்தவாந்தி எடுத்து என்னிடம் வந்து, கிருமி ஒழிந்து, இப்போது சுகமாக இருக்கிறார். அவருடைய மனைவி ஒருநாள், "நான் அவங்களுக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுட்டு ராத்திரி பத்து மணிக்குத்தான் சாப்பிடுவேன் சார், கவலையும் எனக்குத்தான் ஜாஸ்தி, எனக்கு ஏன் அல்சர் வரல?" என்று கேட்டார். என் சித்தாந்தத்தின் நடுமையத்தையே தாக்கும் கேள்வி அது. புகையும் மாத்திரையும் இல்லாதது ஒரு காரணம், பெண்களுக்கு முன்சிறுகுடற் புண் ஆண்களைவிடக் குறைவாக வருவது மற்றொன்று, ஒவ்வோர் இரைப்பையும் சுரக்கும் அமிலத்தின் அளவு பிறவியிலேயே வேறுபடுவது இன்னொன்று என்று சொன்னேன். எனக்கே முழு விடையாகத் தோன்றவில்லை. பரிசோதித்ததில் அவருக்கும் கிருமி இருந்தது. தொந்தரவில்லாத எல்லோருக்கும் மருந்து கொடுத்துக்கொண்டே போனால் இந்தத் தேசத்தில் மருந்துக்கு அடங்கும் கிருமியே மிஞ்சாது என்பதால், சாதாரணமாக நான் தேடிப்போய்க் கொடுப்பவனல்ல. ஆனால் பேச்சுவாக்கில், அவருடைய தமையனார் இரைப்பைப் புற்றில் இறந்தவர் என்று தெரியவந்தது. உடன்பிறந்தவருக்கு அவ்வியாதி வந்திருந்தால் கிருமியை விட்டுவைக்கக் கூடாது. கிட்டை எழுதிக் கொடுத்து, முடித்து ஆறு வாரம் கழித்து, இடையில் வேறெந்த ஆண்டிபயாட்டிக்கும் எடுக்காமல், அமில மாத்திரையை அதற்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, மறுபரீட்சைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கருவாட்டைக் குறைப்பதாக ஒப்புக்கொண்டார். பத்து மணிச் சாப்பாட்டைப் பற்றி வாக்குறுதி எதுவும் தரவில்லை.